ஹெலிகேம் காலம்

தஞ்சாவூர்ப் பக்கம் 'ட்ரோன்' என்ற சொல் புழங்குவதற்கு முன்பே 'ஹெலிகேம்' வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது தலைக்கு மேல் வண்டு மாதிரி ஒன்று இரையும். ஸ்டூடியோவில் தரும் விலைப்பட்டியலில் ஆல்பம், வீடியோ எல்லாவற்றுக்கும் கீழே 'ஹெலிகேம் தனி' என்று ஒரு வரி இருக்கும்.

"பர்மிஷன்லாம் வேணாமாண்ணே?" என்று கேட்டால், "மண்டபத்துக்காரர்ட்ட சொல்லியாச்சு தம்பி" என்பார்கள்.

வானம் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு சின்ன ஊர் வைத்திருந்த பதில் அதுதான். டெல்லியின் பதில் வேறு. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம், காற்றின் பலத்தில் மிதக்கும் எதையும் விமானம் என்றது. பலூன், கிளைடரோடு பட்டத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. எழுத்துப்படி பார்த்தால் மொட்டை மாடியில் பட்டம் விட்டவர்கள் எல்லோரும் விமானம் ஓட்டியவர்கள். யாரும் கேட்கவில்லை. கேமரா கட்டிய பட்டம் வந்தபோதும் கேட்க மாட்டார்கள் என்றே நினைத்தோம்.

2014 மே மாதம் மும்பையில் ஓர் உணவகம் ட்ரோனில் பீட்சா அனுப்பியது நாடு முழுக்கச் செய்தியானது. அதே ஆண்டு அக்டோபர் 7-இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: விதிகள் வரும்வரை தனியார் யாரும், எதற்காகவும் பறக்கவிடக் கூடாது. விதிகள் அமலுக்கு வந்தது 2018 டிசம்பர் 1. இடையில் நான்கு வருடங்கள். கல்யாண ஹெலிகேம் தொழில் வளர்ந்ததே அந்த நான்கு வருடங்களில்தான். ஒளிந்து வளரவில்லை, பட்டப்பகலில், ஊரே அண்ணாந்து பார்க்க வளர்ந்தது.

வந்த விதியும் விசித்திரம். அனுமதி இல்லையென்றால் கருவியே மேலெழும்பக் கூடாது. அதற்கான மென்பொருள் உள்ளேயே இருக்க வேண்டும். கடன் வாங்கிச் சீனக் கருவி வாங்கி வைத்திருந்தவரிடம் அது எப்படி இருக்கும்?

2020 ஜனவரியில் அரசு இன்னொரு வாய்ப்பு தந்தது: ட்ரோன் வைத்திருப்பவர்கள் 31-ஆம் தேதிக்குள் தாங்களாகவே தெரிவிக்கலாம், ஓர் எண் கிடைக்கும். ஆனால் அந்த எண் பறக்கவிடும் உரிமையைத் தராது. இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதே ஜனவரி 20-இல் தஞ்சாவூர் விமானப் படைத்தளத்தில் சுகோய்-30 அணி ஒன்று தொடங்கப்பட்டது. ஊரின் வானத்துக்குப் பெரிய சொந்தக்காரர் வந்துவிட்டார்.

2021 ஆகஸ்ட் விதிகள் உண்மையிலேயே தாராளமானவை. 25 படிவங்கள் 5 ஆயின. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. விமான நிலையத்தைச் சுற்றி 45 கி.மீ. வரை இருந்த மஞ்சள் மண்டலம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியது. பெருநகரத்தில் 12 கி.மீ. என்பது ஒரு மூலை. படைத்தளத்தை ஒட்டியிருக்கும் தஞ்சாவூர் அளவு ஊரில் 12 கி.மீ. என்றால் பெரிய கோயில், பேருந்து நிலையம், மண்டபங்கள் எல்லாம் உள்ளே.

இன்னொரு நுட்பமும் உண்டு. 2 கிலோவுக்குள் இருக்கும் ட்ரோனை ஆசைக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதையே காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும்; 250 கிராமுக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி, அதற்குச் சில பத்தாயிரம் ரூபாய். பாஸ்போர்ட் கட்டாயமில்லை என்ற திருத்தம் வரவே 2023 செப்டம்பர் ஆனது. மீறினால் அபராதம் ஒரு லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஸ்டூடியோக்காரருக்கு ஒரு சீசன் வருமானம்.

விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு விசிறி அறுந்து விழுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏழு வருடம் எல்லோரையும் குற்றவாளியாக வைத்திருந்த சட்டம், தெரிந்தவர் இருந்தால் பறக்கலாம் என்பதைத்தான் ஊருக்குக் கற்றுக்கொடுத்தது. புதிய விதி வந்த பிறகும் அந்தப் பாடம் மறக்கவில்லை. மஞ்சள் மண்டலத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். முகூர்த்தமோ நாளைக் காலை. ஸ்டூடியோக்காரர் ஒருமுறை தெற்கே அண்ணாந்து பார்க்கிறார். பிறகு மண்டபத்துக்காரரிடம் சொல்லப் போகிறார்.