எட்டையபுரத்து ஏடும் வீட்டுக் கணிப்பொறியும்

கோவில்பட்டிச் சீமை வானம் பார்த்த பூமி. பருத்தியும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் அதன் பெயரை வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றன. இசையை எழுத்தில் பிடித்துவைக்கும் பெருமுயற்சி ஒன்று இக்கரிசல் மண்ணில்தான் நிறைவேறியது என்பதைப் பலரும் அறியார். இன்று வீட்டின் ஓர் அறையில் கணிப்பொறியை வைத்துப் பாடல் பதிவு செய்ய முனையும் நம் இளைஞர்களுக்கு அவ்வரலாறு மிகவும் பயன்படும் என்று கருதுகிறோம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டையபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அங்கே அரசவை வித்துவான். ஐரோப்பியரின் வயலினை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர். அந்நியக் கருவியாயினும் அதில் விரல் வழுக்கிச் செல்ல இடமிருந்தது. ஆகவே அது நம்மவர் கையில் நிலைத்தது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகிய சுப்பராம தீட்சிதர் அக்குடும்பத்தின் இசைச் செல்வத்தைக் காத்துவந்தார்.

அச்செல்வத்தை நாடிச் சென்றவர் சென்னையைச் சேர்ந்த கத்தோலிக்கர், ஏ. எம். சின்னசாமி முதலியார். அரசுச் செயலகத்தில் பணிபுரிந்த அவர், 1892 முதல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிடத் தொடங்கினார். புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தில் அவை அச்சாயின. கைப்பொருள் கரைந்தது, கண்பார்வையும் மங்கியது. அவருடைய தூண்டுதலாலும் எட்டையபுரம் அரசரின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் தெலுங்கு எழுத்தில் எட்டையபுரத்திலேயே அச்சேறியது. அதைக் காண முதலியார் உயிரோடில்லை.

அந்நூலின் உயிர் எங்கே இருக்கிறது? சுரங்களில் மட்டுமன்று, அவற்றின் மேலும் கீழும் இட்ட கமகக் குறிகளில். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஒரிக்கை, ஏற்றஜாரு, இறக்கஜாரு என ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அடையாளம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குரல் எவ்வழியாகப் போகிறது என்பதே அவர் எழுத விரும்பியது.

1983இல் வந்த மிடி என்னும் முறையும் இத்தகைய ஏடுதான். அது ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற கட்டளையையே பதிகிறது. கணிப்பொறியிலுள்ள மென்பொருள் சிந்தசைசர் அக்கட்டளையைப் படித்து ஒலியை உண்டாக்குகிறது. 1957இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் ஓர் அறையளவு இயந்திரத்தைக் கொண்டு பதினேழு வினாடி இசை எழுப்பினார். 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தபின் வீட்டு மேசையே கலையகமாயிற்று.

ஆனால் கட்டைகள் கட்டைகளே. இரு கட்டைகளுக்கு நடுவே கமகம் இல்லை. இக்குறையையும் காட்டியே 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. கீபோர்டில் இதற்கென ஒரு சிறு சக்கரம் உண்டு. வழக்கமாக அது சுரத்தை இருபுறமும் இரண்டு அரைச்சுரம் வரையே வளைக்கும். மென்பொருளில் அவ்வெல்லையை விரிவாக்கலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை. விளைவு? நம் பங்குப் பாடகர் குழுக்களின் ஒலித்தட்டுகள் சிலவற்றில் கரிசல்காட்டுத் தாலாட்டின் நெளிவு, கோடு போட்டாற்போல் நேராகிவிட்டது. கேட்க அழகுதான்; நம் பாட்டிமார் பாடியது அதுவன்று.

ஆகவே நாம் சொல்லும் முறை இது. முதலில் தம்பூரா சுருதியோடு பாடுபவரின் குரலை நல்ல மைக்கில் பதிவு செய்க. அதன்பின் குரலைப் பின்தொடர்ந்து கருவிகளைச் சேர்க்க. கணிப்பொறிக்கும் மைக்குக்கும் இடையே ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். வினாடிக்கு 44,100 மாதிரி எடுக்கையில், இடைத்தேக்கம் 256 மாதிரி என்றால் தாமதம் ஏறத்தாழ ஆறு மில்லிவினாடி. 2,048 என்றால் நாற்பத்தாறு. பின்னதில் குரல் காதுக்குப் பிந்தி வர, பாடுபவர் தாளம் தடுமாறுவார்.

குரல் பதிவைச் சுருக்காமல் தனியே சேமித்தல் நன்று. மெட்டைத் தாளிலும், அசைவுக் குறிகளோடு, எழுதிவைக்கலாம். மென்பொருள் மாறினால் பழைய கோப்பு திறக்க மறுப்பதுண்டு. 1904இல் அச்சான நூலையோ சென்னை மியூசிக் அகாடமி பின்னர்த் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. வித்துவான்கள் இன்றும் அதைப் பிரித்துவைத்துக்கொண்டு பாடுகிறார்கள்.