மணற்பரல் கூறும் சான்று

உலு திராம் என்னும் ஊர்ப்பெயருக்கு ஆறே மூலம். ‘திராம்’ என்பது மலாய் மொழியில் சிப்பியைக் குறிக்கும். ‘உலு’ ஆற்றின் தலைப்புறம். அவ்வூர் அமைந்த தென்கிழக்கு ஜொகூரிலும் சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியிலும் ‘பழைய வண்டல்’ எனப்படும் மணற்படிவு பரந்து கிடக்கிறது. பர்ட்டன் என்னும் நிலவியலார் 1964-இல் அதனை ஆராய்ந்து எழுதினார். அம்மணற்பரல்கள் பெரும்பாலும் முனை மழுங்காதவை. எளிதில் சிதையும் பெல்ஸ்பார் என்னும் கனிமமும் அவற்றோடு கலந்துள்ளது. நெடுந்தொலைவு உருண்டு வந்த மணலில் இவ்விரண்டும் எஞ்சியிருத்தல் அரிது. ஆகவே, அண்மையிலிருந்த கருங்கல் மலைகளினின்று பழைய ஆறுகள் வாரிக் கொணர்ந்த மணல் அது எனக் கொள்ளலாம்.

பரலின் வடிவம் இவ்வளவு கூறுமெனில் அதன் மேற்பரப்பு இன்னும் மிகுதியாகக் கூறும். ஆங்கில அறிஞர் சார்பி 1880-ஆம் ஆண்டளவிலேயே மணற்பரல்களை நுண்ணோக்கியில் இட்டு ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் கையோ, மங்கிய உருண்டைப் பரல்களைக் கொண்டு பனியூழிக் காலத்து ஐரோப்பாவின் காற்றை 1942-இல் உய்த்துணர்ந்தார். 1962-இல் கிரின்ஸ்லியும் தகாஹாஷியும் மின்னணு நுண்ணோக்கியை இத்துறைக்குப் பயன்படுத்திய பின்னரே நுண்வடுக்கள் தெளிவாகப் புலப்பட்டன. பனியாறு நசுக்கிய பரலில் சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த முறிவுகள் காணப்படும். அலை மோதிய பரலில் அம்புத்தலை போன்ற சிறு குழிகள் இருக்கும். பாலைக் காற்றில் அலைந்த பரலோ உருண்டு, தேய்த்த கண்ணாடிபோல் மங்கியிருக்கும். நம் இலக்கணிகள் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தனர். இவர்களோ ஒற்றைப் பரலின் முகத்திலேயே திணை காண முற்பட்டனர்!

தமிழர்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்புறத்தில் ‘தேரி’ எனப்படும் செம்மணற் குன்றுகள் உள்ளன. நெய்தல் நிலத்தின் நடுவே பாலை வந்து குடியேறியது போன்ற தோற்றம் அவற்றுக்கு. சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களின் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்தன. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் அவற்றைப் பற்றி எழுதியபோது, பழைய கடல்மட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, கி.மு. 4000 அளவினவாக இருக்கலாம் என மதித்தனர். ஆக, அம்மணல் எப்பொழுது, எவ்வாறு குவிந்தது என்னும் வினா, அங்கு வாழ்ந்த மாந்தரின் காலத்தைப் பற்றிய வினாவாகவும் ஆகிறது.

ஆனால் தேரிப்பரல் எளிதில் வாய் திறவாது. இரும்புத் துரு அதன்மேல் செம்போர்வையாகப் படிந்துள்ளது. அமிலத்தால் அதனைக் களைந்த பின்னரே பரலின் முகத்தைக் காண இயலும். அங்கும் ஒரு வடுவின்மேல் மற்றொன்று இருக்கும். ஆறு கொணர்ந்ததைக் கடல் புடைத்து, கடல் ஒதுக்கியதைக் காற்று மேலேற்றியிருக்குமாயின், இறுதியாகத் தீண்டியதன் தடமே மேலோங்கி நிற்கும். பல பரல்களை எண்ணி ஒப்பிடாமல் ஒன்றிரண்டை வைத்துத் தீர்ப்புரைப்பது மணலைக் கயிறாகத் திரிப்பதேயாகும்.

வெப்பமண்டலத்தில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. ஆண்டு முழுதும் மழை பெய்யும் ஜொகூர் போன்ற நாட்டில், மண்ணில் ஊறும் நீர் பரலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த மணற்சத்து வேறிடத்தில் மீண்டும் படிகிறது. பழைய வடுக்கள் இவ்வாறு மறைந்துபோகும். அதனால் இங்குப் பரலின் முகத்தை மட்டும் நம்பாமல், படிவின் அடுக்கையும் உடன்கிடக்கும் கனிமங்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பரலின் வடு அது பட்ட பாட்டைக் கூறுமேயன்றிக் காலத்தைக் கூறாது. காலத்தை அறிய வேறு வழி பின்னர்ப் பிறந்தது. வெயில் படாமல் புதையுண்ட பரல் சிறிது சிறிதாகக் கதிர்வீச்சின் ஆற்றலைத் தன்னுள் சேர்க்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதனைத் தூண்டினால் ஒளியாக வெளிப்படும். அம்முறையால் கணித்துத் தேரிமணலுக்கு 2012-இல் வெளியிடப்பட்ட காலங்கள், ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கி 5,600 ஆண்டுகள் வரை அமைந்தன.