ஸ்கடர் குடும்பம்

ஸ்கடர் குடும்பம் என்பது இலங்கையின் யாழ்ப்பாணத்திலும், தமிழகத்தின் வட ஆற்காடு, தென் ஆற்காடு பகுதிகளிலும் நான்கு தலைமுறைகளாகக் கிறித்தவ சமயப் பணியும் மருத்துவப் பணியும் ஆற்றிய அமெரிக்க மிஷனரிக் குடும்பம் ஆகும். இக்குடும்பத்தினரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷனரிகளாகப் பணியாற்றினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனரான ஐடா ஸ்கடர் இதன் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர்.

தொடக்கம்

நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் (1793–1855), 1819-இல் மனைவி ஹாரியட்டுடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கையை வந்தடைந்தார். இவர் அமெரிக்காவின் முதல் மருத்துவ மிஷனரியாகக் கருதப்படுகிறார். யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பணியாற்றிய இவர், 1836-இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். இவருடைய மகன்களில் எழுவர் மிஷனரிகளாயினர்.

ஆற்காடு மிஷன்

ஜான் ஸ்கடரின் மகன்களான ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகியோர் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினர். ஆங்கிலப் பள்ளிகளை நடத்துவதைவிட, ஊர் ஊராகச் சென்று தமிழில் சமயப் பரப்புரை செய்வதையே இவர்கள் தொடக்கத்தில் முதன்மையாகக் கொண்டனர். எனினும் மருத்துவப் பணியும் உடன் வளர்ந்தது. மற்றொரு மகனான சைலஸ் ஸ்கடர் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் ஸ்கடர் நினைவு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது.

திண்டிவனம்

தற்போது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திண்டிவனம், ஆற்காடு மிஷனின் நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. முதலாம் ஜான் ஸ்கடரின் மகனான இரண்டாம் ஜான் ஸ்கடர் இங்கு மருத்துவராகப் பணிபுரிந்தார். இவருடைய மகள் ஐடா, 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் கல்வி பயின்றவர். குடும்பத்தினரைப் போல மிஷனரியாக அவர் விரும்பவில்லை. 1890-இல் தாயின் உடல்நலக் குறைவு காரணமாகவே திண்டிவனம் வந்தார்.

அக்காலத்தில் ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் இருந்த தத்தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தம் தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். ஆண் மருத்துவர் பெண்களைப் பார்ப்பதை அவர்களின் சமூக வழக்கம் அனுமதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஊரில் மருத்துவர் இருந்தும் பெண்களுக்கு மருத்துவம் கிடைக்காத இந்நிலையே தம்மை மருத்துவம் பயிலத் தூண்டியதாக ஐடா பிற்காலத்தில் கூறினார்.

வேலூர்

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900-இல் வேலூரில் ஒரு படுக்கை கொண்ட சிறு மருந்தகத்தைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒரே மருத்துவரால் பெரும்பகுதிப் பெண்களைச் சென்றடைய இயலாது என்பதால், உள்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கும் நோக்குடன் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் நிறுவினார். இதுவே பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இங்கு 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

ஐடா ஸ்கடர் 1960-இல் கொடைக்கானலில் காலமானார்.