தற்கொலை மரணத்திற்குப் பிந்தைய நடைமுறைகள் (செஞ்சி)

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பம் அடுத்த சில நாள்களில் நிறைவேற்ற வேண்டிய சட்ட, நிர்வாகப் பணிகளின் தொகுதி. விழுப்புரம் மாவட்டம் செஞ்சியில், தமிழகத்தின் பிற இடங்களைப் போலவே, முதற்படி காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174) அக்கம்பக்கத்தார் இருவரேனும் முன்னிலையில் காவலர் விசாரணை நடத்துவர். இறந்தவர் திருமணமாகி ஏழாண்டுக்குட்பட்ட பெண்ணெனில் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. இவை காரணம் அறியும் நடைமுறைகளே. குடும்பத்தின் மீதான குற்றச்சாட்டு அல்ல. அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு முடிந்து உடல் ஒப்படைக்கப்பட்ட பின்னரே இறுதிச் சடங்கு. முதல் தகவல் அறிக்கை, உடற்கூறாய்வு அறிக்கை நகல்கள் பின்னர் பலமுறை தேவைப்படும்.

இறப்பை 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவார். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

தற்கொலைக்கு ஆயுள் காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பது பரவலான, ஆனால் தவறான நம்பிக்கை. பாலிசி தொடங்கி 12 மாதங்கள் கடந்திருந்தால் பொதுவாக முழுத் தொகை உண்டு. அதற்குள் எனில், யூலிப் (முதலீட்டுச் சந்தையுடன் இணைந்த பாலிசி) அல்லாதவற்றில் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 விழுக்காடு திரும்பும்.

துயரில் இருப்போருக்கு மாநில அரசின் 104, டெலி மனாஸ் 14416 ஆகிய எண்களிலும், சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட ஸ்நேகா அமைப்பிலும் ஆலோசனை கிடைக்கிறது.