பண்ணுப்பெயர்த்தல்

சுரங்களை மாற்றாமல், ஆதார சுரத்தை மட்டும் இடம் மாற்றி ஒரு பண்ணிலிருந்து வேறு பண்களைப் பெறும் முறை. கருநாடக இசையில் இதன் பெயர் கிரகபேதம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதை யாழாசிரியனின் தேர்ச்சியாகக் காட்டுகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் ஒவ்வொன்றையும் குரலாகக் கொண்டு வாசித்தால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் யாழை அவிழ்த்துக் கட்ட வேண்டியதில்லை. தொடங்கும் நரம்பை மாற்றினால் போதும்.

ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலானந்தரின் 'யாழ் நூல்' (1947) ஆகியவை இம்முறையை விரிவாக ஆராய்ந்தன. செம்பாலையை அரிகாம்போதி என்பார் பலர். அதன் ரிஷபத்தைச் சட்ஜமாக்கினால் நடபைரவி. மத்திமத்தை ஆக்கினால் சங்கராபரணம். பஞ்சமத்தில் கரகரப்பிரியா, தைவதத்தில் தோடி, நிஷாதத்தில் கல்யாணி. காந்தாரம் மட்டும் இடறும்: அங்கே பஞ்சமம் அமையாமல் இரண்டு மத்திமங்கள் வந்து விழும். செம்பாலையைச் சங்கராபரணம் என்று கொண்டோரும் உண்டு. எங்கே தொடங்கினாலும் கிடைக்கும் ஏழும் இவையே என்பதால், அந்தக் கருத்து வேறுபாடு பெயர்களை இடம் மாற்றுமே தவிர முறையின் அழகைக் குலைக்காது.

ஏழு சுரங்களுக்கிடையே ஐந்து முழு இடைவெளிகளும் இரண்டு அரை இடைவெளிகளும் உள்ளன. அந்த அரை இடைவெளிகள் ஆதார சுரத்திலிருந்து எங்கே அமைகின்றன என்பதே ஏழையும் வேறுபடுத்துகிறது.

ஐரோப்பியத் தேவாலய இசையில் இவ்வகைப் பண்கள் மோடு எனப்பட்டன. எட்டாக இருந்தவற்றைக் கிளாரியானஸ் 1547-இல் 'டோடெகாகார்டான்' நூலில் பன்னிரண்டாக்கினார். பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் 'சி'யிலிருந்து வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள், 'ஈ'யிலிருந்து தோடியின் சுரங்கள். ஆனால் தோடி ராகம் அதில் வராது. கமகமும் பிடிகளும் சேர்ந்தால்தான் ராகம்.

ஐந்து சுர ராகங்களிலும் இது செல்லும். மோகனத்தின் ரிஷபத்தில் மத்தியமாவதி, காந்தாரத்தில் இந்தோளம், பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி.

யாழுக்கு இயல்பாக இருந்த இந்த முறை தம்புராவின் காலத்தில் கடினமாகிவிட்டது. சுருதி பழைய சட்ஜத்திலேயே நிற்க, பாடகர் புதிய சட்ஜத்தைக் கேட்பவர் மனத்தில் நிறுவ வேண்டும். ஜி. என். பாலசுப்பிரமணியம் ஆலாபனையில் இதைத் துணிந்து கையாண்டபோது வித்துவான்களிடையே விவாதம் எழுந்தது. இன்றும் கச்சேரிகளில் சில சஞ்சாரங்களுக்கு மட்டும் புது ராகத்தைக் காட்டிவிட்டு மூல ராகத்துக்குத் திரும்புவதே வழக்கம்.