விஜயலட்சுமி – நவநீதகிருஷ்ணன் இணையரின் இசைப்பணி

மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் இணையர் நாட்டுப்புறப் பாடகர்கள், ஆய்வாளர்கள். உழைக்கும் மக்களின் பாடல்களே இவர்களது துறை.

அத்தகைய பாடல்களுள் ஒன்று ஏற்றப்பாட்டு. களைப்பைப் போக்கியதோடு, இறைத்த சால்களை எண்ணவும் அது உதவியது. மின் மோட்டார் வந்தபின், ராசிங்காபுரம் போன்ற போடி வட்டாரச் சிற்றூர்களிலும் ஏற்றமும் கமலையும் ஓய்ந்தன. வேலை நின்றதும் அதற்குரிய பாட்டும் நின்றது.

இவ்வாறு மறைந்துவந்த பாடல்களை இருவரும் ஊர் ஊராகச் சென்று, பாடத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தொகுத்தனர். சேர்ந்தே மேடையேறிப் பாடினர். ஒவ்வொரு பாட்டும் எந்த வேலைக்கு, எந்தச் சடங்குக்கு உரியது என்பதையும் விளக்கினர். ஒலிநாடாக்களும் நூல்களும் வெளியிட்டனர்.

2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விருது ஒருவர் பெயரில் அமைந்தாலும், அதற்குரிய பணி இருவரும் இணைந்து செய்ததாகும்.