அரைப்பேர்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு ஏறும் பாதை நெடுகத் தேயிலைத் தோட்டங்கள்தாம். இங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். "இந்த மாசம் எத்தன பேர்?" என்று ஒருத்தி கேட்டால், வேலைக்குப் போன நாள்களைக் கேட்கிறாள். நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர்.

பேர் என்பது பெயரின் சுருங்கிய வடிவம். தெலுங்கில் பேரு, மலையாளத்தில் பேர், பழங்கன்னடத்தில் பெசர், இன்றைய கன்னடத்தில் ஹெசரு. இத்தனை மொழிகளிலும் வேர் பரந்திருப்பதால் சொல் மிகப் பழையது. தமிழ் இலக்கணம் கல்லையும் மரத்தையும்கூடப் பெயர்ச்சொல்லில் அடக்கியது. பேச்சுத் தமிழோ இன்னொரு காரியம் செய்தது: மனிதரை எண்ணும்போது 'பேர்' சேர்த்தது. பத்துப் பேர், நூறு பேர். ஆட்டையும் மாட்டையும் அப்படி எண்ணுவதில்லை. கைக்குழந்தையும் ஒரு பேர்; படுக்கையில் கிடக்கும் அப்பாயியும் ஒரு பேர். இந்த எண்ணிக்கையில் பின்னம் கிடையாது.

பின்னம் தோட்டத்தில் வந்தது. விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் கூடும். அன்றைய வேலை செக்ரோல் என்னும் பதிவேட்டில் அவரவர் பேருக்கு நேரே பதியப்படும். பேருக்கு நேரே விழுந்த குறி நாள் கூலியாகி, பிறகு கூலியே பேராயிற்று என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆளைக் குறித்த சொல் ஆள் செய்த வேலையின் அளவுக்கு இடம் மாறிய பிறகுதான் அதைப் பாதியாக வெட்ட முடிந்தது.

மலைச்சரிவில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவளுக்கு, கவ்வாத்துக் கத்தியில் விரல் இழந்தவனுக்கு, பிறவியிலேயே கால் வளைந்தவனுக்கு முழுப்பேர் எட்டாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கிடைக்கும் காம்பராவும் தோட்ட வேலையோடு கட்டப்பட்டது. பேர் போட முடியாத உடம்பு சொந்தக்காரர் தயவில்தான் அங்கே இருந்தாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழ்ச் சமூகத்தையே நாட்டின் ஏட்டுக்கு வெளியே தள்ளியது. அப்படித் தள்ளப்பட்டவர்களுக்குள்ளும் செக்ரோலில் இல்லாதவரை எந்த ஏடு சொல்லும்?

தேயிலை பிறந்த சீனத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் தாவோ சிந்தனையாளர் சுவாங் சு. அவர் பேரால் வழங்கும் நூலில் ஷு என்றொருவர் வருகிறார். மோவாய் தொப்புளில் புதைந்து, தோள் உச்சந்தலைக்கு மேல் ஏறிய உடம்பு. குலைந்த உடம்பு என்னும் அடைமொழியோடுதான் அவரை அழைக்கிறார்கள். துணி தைத்தும் வெளுத்தும் வயிறு வளர்க்கிறார். தானியம் புடைத்துப் பத்துப் பேருக்குச் சோறு போடுகிறார். அரசன் படைக்கு ஆள் பிடிக்கையில் கூட்டத்தின் நடுவே கைவீசி நடக்கிறார். நோயாளிகளுக்குத் தானியம் அளக்கையில் மூன்று பெரிய அளவு தானியமும், பத்துக் கட்டு விறகும் பெறுகிறார்.

பயனின்மையே கவசம் என்று இதைப் படிப்பது வழக்கம். என்னை நிறுத்துவது வேறு. அரசனின் வேலைக் கணக்கில் ஷு இல்லை. சோற்றுக் கணக்கில் முழுதாக இருக்கிறார். அங்கே ஏடு இரண்டு. தோட்டத்தில் ஒரே ஏடு இரண்டையும் முடிவு செய்தது.

அதே நூலில் ஷென்து ஜியா என்பவர், ஒரு கால் வெட்டப்பட்டவர், பத்தொன்பது ஆண்டு ஆசானோடு இருந்தும் தான் காலில்லாதவன் என்பதை ஆசான் அறிந்ததே இல்லை என்கிறார். ஆசான் அவரை அளக்கவே இல்லை. இதனால்தான் 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் எனக்கு நிறைவு தரவில்லை. குறை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்த 'ஊனம்' ஒழிந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் புதுச்சொல்லும் திறனைத்தான் கேட்கிறது. எந்தத் திறனும் காட்ட முடியாத பிள்ளை லயத்தில் இருக்கிறதே.

சங்கப் புலவர் ஐயூர் முடவனாரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை; ஊரும் உடம்புமே பேராயின. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது தாழி வனையும் குயவனை நோக்கி அவர் பாடியது புறநானூற்றில் 228ஆம் பாட்டு. முடம் என்பது முடங்கு, முடக்கு என்பவற்றின் உறவு. வளைவைச் சொல்லும் சொல். அதன் பின்னாலும் தமிழ் மரியாதைக்குரிய 'ஆர்' விகுதி போட்டது.

லயத்து வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், "ஆறு பேருங்க" என்பார்கள். செக்ரோலில் இருப்பது இருவராக இருக்கலாம். வீட்டு உறுதிப் பத்திரமும் உதவிப் பணமும் எழுதுகிறவர்கள் இந்த ஆறிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும்.